அரைக் கிலோ கறியும் ஆறு துறைகளும்

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்திய அரசு வீடு வீடாகப் போய், அசைவம் சாப்பிடுவீர்களா என்று கேட்டது. பதினைந்து வயது நிரம்பிய தமிழ்நாட்டவரில் 97.65 சதவீதம் பேர் சாப்பிடுவோம் என்றார்கள். எம்.ஜி.ஆர். காலத்தில்கூட எந்தச் சின்னத்துக்கும் விழாத ஓட்டு இது. இப்படி ஒரு ஓட்டு வேறு எதற்காவது விழுந்திருந்தால் அதற்கு வாரியம் அமைத்திருப்பார்கள், தலைவர் பதவிக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள், சிலை வைத்து மாலை போட்டிருப்பார்கள். கறி தின்கிறவனுக்கு அரசு தவறாமல் செய்வது ஒன்றுதான். வருசத்தில் சில நாள் கடைக்குப் பூட்டு.

தை 2 திருவள்ளுவர் தினம். அன்றுதான் மாட்டுப் பொங்கலும். மாட்டுக்குப் பொங்கல் வைத்த கையோடு மனுசனுக்குக் கறிக்குழம்பு கொதிக்கவைக்கிற வீடு ஊருக்கு ஊர் உண்டு. அன்றைக்குப் பார்த்து, கறிக்கடைகளை அடைக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று உள்ளாட்சி அறிவிப்பு வரும். வள்ளுவர் 26ஆம் அதிகாரத்தைப் புலால் மறுத்தலுக்குக் கொடுத்திருக்கிறாராம். கொடுத்திருக்கிறார், மறுக்கவில்லை. 29ஆம் அதிகாரத்தைக் கள்ளாமைக்கும் கொடுத்திருக்கிறாரே, அதற்கு மரியாதையாகப் பத்திரப்பதிவு அலுவலகத்தை ஒரு நாள் அடைத்ததுண்டா? 30ஆவது வாய்மை. அன்றைக்குக் கட்சி மேடைகளுக்கெல்லாம் விடுமுறை விடலாமா? 56 கொடுங்கோன்மை. அதற்கு எந்தக் கட்டடத்தைப் பூட்டுவது என்று நான் சொன்னால் என் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். 93ஆவது கள்ளுண்ணாமைக்காக டாஸ்மாக்கும் அன்று மூடியிருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மூடிய கடையின் பின்பக்கம் என்ன நடக்கிறது என்பது, குடிக்காத எனக்கே தெரியும். ஆக 1330 குறளில் கோட்டைக்கு மனப்பாடம் இருபது. இருபதும் அடுத்தவன் வாயைப் பற்றியவை.

அடுத்து வள்ளலார் நினைவு நாள். அவர் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறு போட மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவரை நினைக்க ஆசைப்படுகிறவர்கள் ஊருக்கு ஒரு அடுப்பு மூட்டியிருக்கலாம். அதற்கு அரிசி வேண்டும், விறகு வேண்டும், தினம் ஆள் வேண்டும். பூட்டு ஒரு தடவை வாங்கினால் போதும். மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி எல்லாவற்றுக்கும் அதே பூட்டுதான்.

இந்தப் பூட்டால் ஒரு ஆடாவது பிழைத்திருக்கும் என்று நம்புகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் கறிக்கடைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்குச் சாக வேண்டிய ஆடு இன்றைக்கே செத்திருக்கும். விலை கிலோவுக்கு ஐம்பதோ நூறோ ஏறியிருக்கும். மிச்சம் ஐஸ் பெட்டிக்குள் போய், பூட்டு நாளில் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்பவனுக்குக் கறுப்புப் பையில் கிடைக்கும். அறத்தைக் காத்து அரசு கண்ட பலன், மக்கள் பழைய கறியைக் கூடுதல் விலைக்குத் தின்கிறார்கள்.

சரி, பூட்டத் தெரிந்தவர்களுக்குக் கடை திறந்திருக்கும் நாளில் என்ன வேலை? ஏட்டில் ஏகப்பட்ட வேலை. என் வீட்டுக்கு வருகிற அரைக் கிலோ கறியைக் காக்க ஆறு துறைகள் இருக்கின்றன. உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவு, உணவுப் பாதுகாப்புத் துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தராசுக்கு முத்திரை வைக்கும் தொழிலாளர் துறை, இவர்களுக்கெல்லாம் பாதுகாப்பாகக் காவல்துறை. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளை எடுத்துப் படியுங்கள், கண்ணீர் வந்துவிடும். அங்கீகரித்த இறைச்சிக்கூடத்துக்கு வெளியே ஆடறுக்கக் கூடாது. அறுப்பதற்கு முன் 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். சினை ஆடு கூடாது, மூன்று மாதம் நிரம்பாத குட்டி கூடாது, ஒன்றை அறுப்பதை இன்னொன்று பார்க்கக் கூடாது. கால்நடை மருத்துவர் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு உருப்படிக்கு மேல் சோதிக்கக் கூடாது, நாளைக்கு 96ஐத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு ஆட்டுக்கு ஐந்து நிமிடம். அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டோடு வரிசையில் நின்று, டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்த விதியைப் படித்துவிட்டு, அடுத்த பிறவியில் வெள்ளாடாகப் பிறக்க வேண்டிக்கொள்ளலாம்.

வேண்டிக்கொள்வதற்கு முன் ஒரு தகவல். அந்த ஐந்து நிமிடம் பெரும்பாலான ஆடுகளுக்கு வாய்ப்பதில்லை. சென்னை மாநகராட்சிக்குப் பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை என்று இறைச்சிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே சோதித்து வெளிவரும் ஆட்டின் மேல் முத்திரை விழும். ஊர் முழுக்கத் தொங்குகிற ஆடுகளில் எத்தனைக்கு அந்த முத்திரை இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாகப் போய்ப் பாருங்கள். சிற்றூர்களிலும் புறநகர்களிலும் கேட்கவே வேண்டாம். கடைக்குப் பின்னால் கட்டிக் கிடக்கிற கிடா, விடிவதற்குள் முன்னால் தொங்கும். அடியில் புளியங்கட்டை, ஓரமாக ரத்த வாளி, சாக்கடை, நாய். சட்டப்படி இது குற்றம். ஆறு துறைகளும் அந்த வழியாகத்தான் தினமும் ஆபீஸ் போகின்றன. சில பேர் இறங்கி, வீட்டுக்கு முக்கால் கிலோ தனிக்கறி வாங்கிக்கொண்டும் போகிறார்கள்.

டி.வி. கேமரா வந்தால் மட்டும் எல்லோரும் சேர்ந்து வருவார்கள். 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் நடந்தது மறந்திருக்காது. ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோ அளவு இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், உடனே நாய்க்கறி என்று ஊரே முடிவுகட்டியது. தள்ளுவண்டிப் பிரியாணிக்காரர்கள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். பாய் கடைகளைக் குறிவைத்து வாட்ஸ்அப்பில் வன்மம் பொங்கியது. சில நாளில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து, ஆட்டுக்கறிதான் என்று சொன்னது. ஊர் பெருமூச்சு விட்டது, கேமரா அடுத்த வேலைக்குப் போனது. ஒரு மனுசன் கேட்கவில்லை, ஐயா, நாயோ ஆடோ, 2,000 கிலோமீட்டருக்கு மேல் சரக்குப் பெட்டியில் வந்த கறி எந்தக் குளிரில் வந்தது? யார் சோதித்தார்? அது யார் வீட்டுச் சட்டிக்குப் போக இருந்தது? இதற்கு முன் எத்தனை தடவை போனது? ஆடு என்று தெரிந்ததும் எல்லோருக்கும் திருப்தி. கெட்டுப்போன ஆடாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நாயாக இல்லாமல் இருந்தால் சரி.

ஷவர்மாவும் அப்படித்தான். ஒரு பிள்ளை செத்தால் மாநிலம் முழுக்க ரெய்டு. கிலோக்கணக்கில் கோழிக்கறியைக் குப்பையில் கொட்டிப் பினாயில் ஊற்றுகிற காட்சி எல்லா சேனலிலும் ஓடும். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டு தடை போட்டார்கள். தடை வேண்டியதுதான். ஆனால் சாவுக்கு முன்னால் ஒரு நாள் வருகிற ஆய்வாளரை நாம் எப்போது பார்ப்போம்?

விலைக்கு வருவோம். நகரங்களில் ஆட்டுக்கறி கிலோ ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். மூன்று நாள் மண் சுமந்தால் ஒரு கிலோ கறி, அதுவும் எலும்போடு. இந்த விலைக்குக் கடைக்காரரைத் திட்டுவது சுலபம். கணக்குப் போட்டால் அவர் பாவம் என்று தெரியும். இருபது கிலோ ஆட்டை உரித்து, குடலெடுத்து, தலையும் காலும் நீக்கினால் எலும்போடு பத்து கிலோ தேறும். ஆகவே உயிர் எடைக்கு என்ன விலையோ அதைப் போல இரண்டு மடங்கில்தான் கறி விலையே தொடங்குகிறது. ஒரு காலத்தில் தோல் விற்ற காசில் கடைக்காரருக்குக் கொஞ்சம் கை நனையும். தோலுக்கு விலை விழுந்துபோய், அந்த நட்டமும் கறியில் ஏறிவிட்டது. ஆடு ஐந்து மாதம் சினை சுமந்து ஒன்றோ இரண்டோ ஈனும். அது வளர்ந்து கைக்கு வர இன்னும் எட்டுப் பத்து மாதம். அதுவரை மேய இடம் வேண்டுமே? மேய்ச்சல் புறம்போக்கெல்லாம் கொடி கட்டி, கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. செஞ்சியிலும் எட்டயபுரத்திலும் மேலப்பாளையத்திலும் சந்தை கூடுகிறது. தீபாவளி, பக்ரீத்துக்கு முன்னால் கோடிக்கணக்கில் ஆடு விற்றது என்று பத்திரிகைகள் பெருமையாகப் போடுகின்றன. அந்தக் கோடியில் ஆட்டுக்காரியின் முந்தானைக்கு எவ்வளவு வந்தது, இடைத்தரகர் துண்டுக்குள் விரல் பிடித்ததில் எவ்வளவு போனது என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது.

2011இல் விலையில்லா ஆடுகள் கொடுத்தார்களே, ஏழைக் குடும்பத்துக்கு நான்கு. திட்டமாக அது நல்ல திட்டம், நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆட்டைக் கொடுக்கும்போது அமைச்சர் மேடையில் நின்று கயிற்றைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார். அதே ஆடு வளர்ந்து கறியாகும் இடத்தில் ஒரு அமைச்சரும் நிற்க மாட்டார். குட்டியாக இருக்கும்வரை நலத்திட்டம், குழம்பானதும் ஒழுக்கக்கேடு.

பாலுக்கு ஆவின் இருக்கிறது. காய்க்கு 1999இலிருந்து உழவர் சந்தை இருக்கிறது, பலகையில் அன்றைய விலை எழுதிப் போடுகிறார்கள். மீனுக்குக்கூட வளர்ச்சிக் கழகம் கடை வைத்திருக்கிறது. ஏழைக்கு என்று திறந்த அம்மா உணவகத்தில் இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம், சப்பாத்தி. 97 சதவீதம் அசைவர்கள் வாழும் நாட்டில், தாய் பெயர் வைத்த சோற்றுக்கடையில் கறிக்குழம்பு ஒரு கரண்டி கிடையாது. மலிவாகத் தின்ன வேண்டுமென்றால் சுத்த சைவமாகத் தின்ன வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்?

ஆகவே ஒரு குடும்பம் நல்ல கறி வாங்குவது என்பது தனித்திறமை ஆகிவிட்டது. ஆறு மணிக்குள் போக வேண்டும். எட்டு மணிக்குப் போனால் கழுத்தும் சவ்வும் கொழுப்பும் மிச்சமிருக்கும். வால் ஒட்டியிருக்கிறதா, ஆடா செம்மறியா என்று பார்க்க வேண்டும். இளம் சிவப்பா, கறுத்து முற்றியதா என்று பார்க்க வேண்டும். கொழுப்பு வெள்ளையாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் குழி மீள்கிறதா, கிடா வாடை அடிக்கிறதா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். சோதிக்க விட்டால்தானே? "பாய், தொடையில போடுங்க" என்றால், "எல்லாம் கலந்துதாம்மா வரும், ஒரு ஆட்டுக்கு எத்தன தொட?" என்பார். அவர் சொல்வதும் சரிதான். கால் கிலோ கேட்கிறவளுக்குப் பின்னால் மூன்று கிலோ கேட்கிற கார்க்காரர் நிற்கிறார். கால் கிலோக்காரி ஒதுங்கி நிற்பாள், அவள் தூக்கில் விழுவது எலும்பும் ஜவ்வும். அதில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காய் கூட்டி, ஐந்து பேருக்குப் பரிமாறுவாள். ஆளுக்கு எத்தனை துண்டு என்று அவள் மனசுக்குள் போடுகிற கணக்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராது. அவள் வாயில் விழுவது நல்லி எலும்பைத் தட்டின சத்தம்தான். ஏழைக்கென்று இருந்த குடலும் தலைக்கறியும் காலும் ரத்தமும்கூட, ஓட்டல்காரர்கள் 'கிராமத்துச் சுவை' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. சுவரொட்டி வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

கைக்குக் காசு உள்ளவர்களுக்குச் செயலி வந்திருக்கிறது. விரல் அழுத்தத் தேவையில்லை, கண்ணாடிப் பேப்பரில் சுற்றி வாசலுக்கே வரும். அரைக் கிலோ என்று நினைத்துத்தான் வாங்குவீர்கள், அட்டையில் பொடி எழுத்தில் 450 கிராம் என்றிருக்கும். அந்த ஐம்பது கிராமில்தான் சுத்தம், நவீனம், நம்பிக்கை எல்லாம் அடங்கியிருக்கிறது போலும். பாய் கடையில் ஐம்பது கிராம் குறைந்தால் திருட்டு, குளிர்பெட்டிக்காரன் குறைத்தால் பேக்கேஜிங்.

ஏழைக்கு மிஞ்சியது பிராய்லர் கோழி. அதைப் பற்றி நம் மக்களுக்கு உள்ள பயம், ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது. ஹார்மோன் ஊசி போட வேண்டிய அவசியமே இல்லை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வரும்படி அந்த இனத்தையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கிவிட்டார்கள். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். 2019இல் மத்திய அரசு அதைத் தடைசெய்தது. தடை காகிதத்தில் இருக்கிறது. என் தெருக் கோழிக்கடையில் தொங்குகிற கோழியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல ஆறு துறைகளில் ஒருவரும் வந்ததில்லை. பல்லடத்தில் தினம் பண்ணை விலை அறிவிக்கிறார்கள். அங்கே விலை ஏறினால் மதியத்துக்குள் எங்கள் கடைப் பலகையில் சாக்பீஸ் மாறுகிறது. இறங்கினால் சாக்பீஸ் தீர்ந்துபோகிறது. இடையில் கம்பெனிக் கோழியைக் கூலிக்கு வளர்த்துக் கொடுக்கிற விவசாயி, கிலோவுக்குக் கிடைக்கிற ஒற்றை இலக்க ரூபாயைக் கூட்டச் சொல்லி மறியல் செய்துகொண்டிருக்கிறார். புரட்டாசியில் மட்டும் கோழி கொஞ்சம் இறங்கும். விரதம் இல்லாத வீடுகளுக்கு ஏழுமலையான் செய்யும் ஒரே மானியம் அது.

இனி மாட்டுக்கறி. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராத, சத்துக்குச் சத்தான கறி ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும்போதே சில பேர் முகம் மாறும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மாடு பத்து வயது தாண்டி, உழைக்கவும் ஈனவும் ஆகாது என்று சான்று வாங்க வேண்டும். அதாவது ஏழைக்குக் கிழட்டுக் கறிதான் என்று சட்டமே எழுதிவிட்டது. கடையும் ஊர்க்கோடியில், திரைக்குப் பின்னால். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாட்டுக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதற்குள் மழை என்று காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளி வைத்துவிட்டார்கள். மாட்டுக்கறியைப் பிரியாணி என்று ஒப்புக்கொள்வதைவிட வருணனிடம் சரணடைவது கௌரவம்.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 சொல்கிறது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், ரேஷன் அரிசியில் இரும்பைக் கலக்கிறார்கள். ஈரலில், ரத்தப் பொரியலில், மாட்டுக்கறியில் உள்ள இரும்பு மட்டும் அரசுக்கு ஆகாத இரும்பு. முட்டையை மதிய உணவில் சேர்க்கவே இந்த நாட்டில் எத்தனை மாநிலங்களில் எத்தனை சண்டை! நாம் அதைச் சாதித்துவிட்டோம் என்று மார்தட்டலாம். அத்தோடு நின்றும்விட்டோம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உழவர் சந்தையில் வெண்டைக்காய்க்கு எழுதுகிற மாதிரி, கறிக்கடை வாசலில் ஒரு பலகை. இன்றைய விலை, எந்தக் கூடத்தில் அறுத்தது, எத்தனை மணிக்கு, ஆடா செம்மறியா. தராசுக்கு முத்திரை வைக்க ஜீப்பில் ஆள் அனுப்புகிறீர்களே, அவரோடு ஒரு கால்நடை மருத்துவரையும் ஏற்றி அனுப்புங்கள். ஜீப்பில் இடமில்லை என்றால், பின் சீட்டில் கிடக்கிற அந்தப் பூட்டை இறக்கிவிட்டு அவரை ஏற்றுங்கள்.